வாசகர் கேள்வி பதில்: வேவு பார்க்கிற கம்பெனிக்கு அபராதம் உறைக்குமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். இணையத்தில் நம் பின்னாலேயே வரும் பெரிய கம்பெனிகளுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடிகோடியாக அபராதம் என்று செய்தி வருகிறது, அப்புறமும் காலையில் தேடிய மிக்சி சாயங்காலம் வரை எல்லாப் பக்கத்திலும் துரத்துகிறது, ஏன்? அதனால் சமையல், சினிமா, ஜோசியம் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். ஜோசியம் கேட்டவர்கள் மன்னிக்கவும். உங்கள் எதிர்காலம் ஏற்கெனவே விளம்பரக் கம்பெனிகளிடம் இருக்கிறது, அவசரமென்றால் அங்கே விசாரிக்கலாம்.

ஆர்.கே., விருதுநகர்
கே: ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் போட்டார்கள் என்று படித்தேன். நம்ம ஊர்க் கம்பெனியாக இருந்தால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போயிருப்பான். இவர்கள் மட்டும் எப்படி சார் அசையாமல் நிற்கிறார்கள்?

ப: தொகையைத் தனியாகப் பார்த்தால் தலை சுற்றும்தான். அவர்கள் வரவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அபராதம் போட்டது 2019 ஜூலையில், அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், சுருக்கமாக எஃப்.டி.சி. அதற்கு முந்தைய 2018-ல் ஃபேஸ்புக்கின் வருமானம் சுமார் 5,580 கோடி டாலர். ஒரு மாத வசூலும் மேலே கொஞ்சமும் எடுத்து வைத்தால் கணக்கு தீர்ந்தது. அதுவும் திடீரென்று தலையில் விழுந்த செலவு இல்லை. இப்படி ஒன்று வரப்போகிறது என்று அந்த ஏப்ரலிலேயே 300 கோடி டாலரைத் தனியாக ஒதுக்கிக் கணக்கும் காட்டிவிட்டார்கள்.

எதற்கு அந்த அபராதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012-லேயே எஃப்.டி.சி. ஃபேஸ்புக்கை ஓர் உத்தரவில் கட்டிப்போட்டிருந்தது: பயனாளிகளிடம் தனியுரிமை பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்யக் கூடாது என்று. அந்த உத்தரவு அமலில் இருக்கும்போதே நடந்ததுதான், கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற அரசியல் பிரசார ஆலோசனைக் கம்பெனிக்குப் பயனாளிகளின் விவரம் போய்ச் சேர்ந்த விவகாரம். உன் குணம் என்னவென்று சொல்கிறேன் வா என்று கூப்பிட்ட ஒரு வினாடி வினா ஆப். அதில் விளையாடியவர்களின் விவரம் மட்டும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர்கள் நண்பர்கள் பட்டியலில் இருந்த, அந்த ஆப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களின் விவரமும் சேர்ந்து போனது. உலகம் முழுக்க 8.7 கோடி பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. இந்தியாவில் அந்த ஆப்பை இறக்கிக்கொண்டவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். இந்த இரண்டு எண்ணையும் ஒரு தடவை சேர்த்துப் படியுங்கள்.

இதே விவகாரத்துக்கு பிரிட்டனில் போட்டது 5 லட்சம் பவுண்டு. அதிகாரிகளைக் கஞ்சர்கள் என்று திட்ட முடியாது, அப்போது பொருந்திய 1998-ஆம் வருஷத்துச் சட்டத்தில் உச்சவரம்பே அவ்வளவுதான்.

அமெரிக்கத் தீர்வுக்கு வருவோம். ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் மூன்று பேர் அதை ஏற்றார்கள். ரோஹித் சோப்ரா, ரெபெக்கா ஸ்லாட்டர் என்ற இரண்டு பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். நம் தகவலைத் திரட்டி விளம்பரமாக்கிக் காசு பார்க்கிற அந்த அடிப்படை வேலை அப்படியே இருக்கிறதே, அதில் யாரும் கை வைக்கவில்லையே என்பது அவர்களுடைய பெரிய குறை. நானும் அந்த இரண்டு பேர் கட்சிதான். இனிமேல் எந்த அபராதச் செய்தியைப் படித்தாலும் தொகையைப் பார்த்து வாயைப் பிளந்த பிறகு, சரி, எதை நிறுத்தச் சொன்னார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் அது செய்தியின் கடைசி வரியில் இருக்கும், சில சமயம் அந்த வரியே இருக்காது.

மு.சே., கோவை
கே: அமெரிக்கப் பங்குகளில் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறேன். அபராதம் என்று செய்தி வந்த அன்றைக்கே பங்கு விலை ஏறுகிறது. இது என்ன கூத்து?

ப: சந்தை பயப்படுவது எவ்வளவு என்று தெரியாத தொகைக்குத்தான். 2019 ஜூலை 12-ஆம் தேதி, அபராதம் 500 கோடி என்ற விவரம் வெளியே கசிந்த அன்று ஃபேஸ்புக் பங்கு ஏறித்தான் முடிந்தது. அப்பாடா, இவ்வளவுதானா என்று பெருமூச்சு.

விழுந்த நாளையும் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் உபயோகம். 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோனில் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. இந்த ஆப், மற்ற கம்பெனிகளின் ஆப்களிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று கேட்கும், கீழே இரண்டு பொத்தான், வேண்டாம் என்று ஒன்று, சரி என்று ஒன்று. ஏராளமான பேர் வேண்டாம் என்றார்கள். 2022 பிப்ரவரியில் மெட்டா (அதற்குள் கம்பெனிக்குப் பெயர் மாறிவிட்டது) இந்த மாற்றத்தால் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று வாய்விட்டுச் சொன்னது. மறுநாள் பங்கு 26 சதவீதம் சரிந்து, 23,000 கோடி டாலருக்கும் மேல் சந்தை மதிப்பு ஒரே நாளில் கரைந்தது. எல்லாமே அந்தப் பெட்டியால் என்று சொன்னால் பொய், டிக்டாக் போட்டி பற்றிய பயமும் அதில் உண்டு. ஆனாலும் எஃப்.டி.சி. வருஷக்கணக்கில் துரத்திப் பிடித்த தொகையைப் போல இரண்டு மடங்கை, ஒரே ஒரு கேள்வி ஒரே வருஷத்தில் பறித்தது.

உடனே ஆப்பிளுக்கு ஆரத்தி எடுக்க வேண்டாம். இதே பெட்டி விஷயத்தில், மற்றவர்களின் ஆப்களுக்கு நடைமுறையைத் தேவைக்கு மேல் சிக்கலாக்கியது என்று பிரான்ஸின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டிருக்கிறது.

ஒரு குடும்பத் தலைவி, ஆத்தூர்
கே: அபராதப் பணம் யாருக்குப் போகிறது? என் தகவல்தானே, எனக்கு ஏதாவது வருமா?

ப: வராதும்மா. அந்த 500 கோடி டாலர் போனது அமெரிக்க அரசுக் கஜானாவுக்கு. பயனாளிகள் சேர்ந்து போட்ட தனி வழக்கில் ஃபேஸ்புக் 72.5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது, அது தலைக்குச் சராசரியாக 30 டாலர் அளவுக்கு வந்தது. அதுவும் அமெரிக்கப் பயனாளிகளுக்கு மட்டும். மேலே சொன்ன 5,62,455 பேருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

த.வே., சேலம்
கே: முதல் தடவை மாட்டியபோதே ஓங்கி அடித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

ப: ஓங்கி அடித்ததாகத்தான் அவர்களும் நினைத்தார்கள். 2012-ல் கூகுளுக்கு எஃப்.டி.சி. போட்ட 2.25 கோடி டாலர், ஓர் உத்தரவை மீறியதற்கு அந்த ஆணையம் அதுவரை வாங்கியதிலேயே பெரிய தொகை, சாதனை என்று அறிவித்தார்கள். அந்த வருஷத்து கூகுள் வருமானத்தை மணிக்கணக்காகப் பிரித்தால் அது நாலு மணி நேரத்து வசூல்.

செய்த வேலையையும் கேளுங்கள். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர், நீங்கள் போகாத மூன்றாம் கம்பெனிகளின் குக்கீயை (ஆளை அடையாளம் வைத்துக்கொள்ள பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்பு) உள்ளே விடாது, ஆனால் நீங்களாக ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் சரி, இவருக்கு அந்தக் கம்பெனியோடு ஏதோ வேலை இருக்கிறது என்று விட்டுவிடும். கூகுளின் விளம்பரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவம் இருந்தது. அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. பிரவுசர் நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று நம்பிக் கதவைத் திறந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தது அரசாங்கம் இல்லை, ஜோனத்தன் மேயர் என்ற ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி மாணவர். இன்னொரு விஷயம், சஃபாரியில் தானாகவே தடை இருக்கிறது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் அப்போது எழுதி வைத்திருந்தது. சொன்னது ஒன்று, செய்தது வேறொன்று என்று மாட்டியதே அந்த வாக்கியத்தால்தான்.

ஜா., புதுச்சேரி
கே: ஐரோப்பாவில் உலக வருமானத்தில் 4 சதவீதம் வரை போடலாம் என்று சட்டம் இருக்கிறதாமே. அதுவுமா உறைக்கவில்லை?

ப: ஜி.டி.பி.ஆர். என்கிற அந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கிறது. தாளில் பயங்கரம்தான். 2 கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். நடைமுறையில் 2023 மே மாதம் மெட்டாவுக்கு விழுந்த 120 கோடி யூரோ பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. மெட்டாவின் அப்போதைய வருமானத்தில் அது நாலு நாள் வசூல். அமேசானுக்கு லக்ஸம்பர்க் 2021-ல் 74.6 கோடி யூரோ போட்டது.

சிக்கல் சதவீதத்தில் இல்லை, விலாசத்தில் இருக்கிறது. கூகுள், மெட்டா, டிக்டாக் என்று பெரிய தலைகள் பலருக்கும் ஐரோப்பிய அலுவலகம் அயர்லாந்தின் டப்ளினில். ஜி.டி.பி.ஆர். படி, தலைமை அலுவலகம் எந்த நாட்டிலோ அந்த நாட்டு ஆணையம்தான் முன்னின்று விசாரிக்க வேண்டும். அந்தக் கம்பெனிகள் தரும் வேலையும் வரியும் அயர்லாந்துக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் வழக்கில் ஐரிஷ் ஆணையம் முதலில் யோசித்தது 3 முதல் 5 கோடி யூரோ. மற்ற நாட்டு ஆணையங்கள் சேர்ந்து சத்தம் போட்ட பிறகு 2021 செப்டம்பரில் அது 22.5 கோடியானது. அதற்குப் பிறகும் மேல்முறையீடு, அதற்கு மேல் இன்னொன்று என்று வருஷங்கள் ஓடும். தலைப்புச் செய்தியில் வரும் தொகை வேறு, கைக்கு வந்து சேரும் தொகை வேறு.

நார்வே கதை இன்னும் சுவாரசியம். அவர்கள் பொறுமை இழந்து, நடத்தையைப் பார்த்து விளம்பரம் காட்டுவதை நிறுத்து, நிறுத்தும்வரை தினமும் 10 லட்சம் குரோனர் என்று 2023 ஆகஸ்ட் 14 முதல் மெட்டாவுக்கு மீட்டர் ஓட விட்டார்கள். மெட்டா ஆஸ்லோ நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்தது, நடக்கவில்லை. மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, விளம்பரமும் ஓடிக்கொண்டே இருந்தது. அக்டோபர் கடைசியில் அந்தத் தடையை ஐரோப்பா முழுவதற்கும் நீட்டும் முடிவு வந்தது. உடனே நவம்பரில் மெட்டா ஒரு புதுத் திட்டத்தோடு வந்து நின்றது: விளம்பரம் வேண்டாமா, மாதம் 9.99 யூரோ கட்டு, இல்லையா, பின்தொடரச் சம்மதி. அதாவது தடையை மதித்தாயிற்று, வியாபாரமும் நிற்கவில்லை. அந்தத் திட்டமே வேறொரு சட்டத்தை மீறுகிறது என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ போட்டது. இடையில் போன வருஷங்களுக்கு வசூல் எவ்வளவு என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி
கே: இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே? (தப்பாக நினைக்காதீர்கள், பொதுவாகக் கேட்கிறேன்.)

ப: நம்பிவிட்டேன். இன்காக்னிட்டோ என்பது பார்த்த பக்கங்களைப் பிரவுசர் குறித்து வைக்காத முறை. வீட்டில் அதே போனை எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் போகும் தளத்துக்கும், அந்தத் தளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விளம்பரக் கம்பெனிக்கும் தெரியும். இதை வைத்து 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மேல் 500 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசம். வழக்குப் போட்ட கூட்டத்துக்குக் காசு இல்லை, ஆனால் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க வேண்டும், இன்காக்னிட்டோ திறந்ததும் வரும் அறிவிப்பை மாற்றி எழுத வேண்டும். என் கணக்கில் இது பல பெரிய அபராதங்களைவிட நல்ல தீர்வு.

அதற்கு அடுத்த வருஷமே இதைவிடப் பெரிய வேலை ஒன்று வெளியே வந்தது. 2025 ஜூனில் ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வாளர்கள் சேர்ந்து காட்டினார்கள். ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் ஆப் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் அதைத் திறக்காவிட்டாலும் அது பின்னணியில் போனுக்குள்ளேயே ஒரு குறிப்பிட்ட வாசலில் காது வைத்துக் காத்திருக்கும். நீங்கள் பிரவுசரில் ஏதோ ஒரு துணிக்கடைத் தளத்துக்குப் போகிறீர்கள். அந்தப் பக்கத்தில் மெட்டா பிக்சல் என்ற சின்ன நிரல் இருக்கும், லட்சக்கணக்கான தளங்களில் இருக்கிறது. அது உங்கள் பிரவுசரில் போட்டு வைத்த குக்கீ எண்ணை, இணையம் வழியாக இல்லாமல் போனுக்குள்ளேயே அந்த வாசலுக்குத் தள்ளிவிடும். பிரவுசரில் நீங்கள் யாரோ ஒருவர். ஆப்பிலோ உங்கள் சொந்தப் பெயரில் லாகின் செய்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிட்டது. குக்கீயை அழித்தாலும், இன்காக்னிட்டோவில் போனாலும் இதற்குக் கவலை இல்லை. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் கம்பெனி 2017-லிருந்தே இந்த மாதிரி செய்துவந்ததும் சேர்ந்து அம்பலமானது.

ஆய்வு வெளியான அன்றே மெட்டா அதை நிறுத்திவிட்டது. ஒரு பைசா அபராதம் இல்லாமல், ஒரே நாளில். நிறுத்த முடியாத தொழில்நுட்பம் என்று எதுவும் இல்லை என்பது மட்டும் அன்றைக்கு உறுதியானது.

பி.எல்., நாகர்கோவில்
கே: போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதா? மனைவியிடம் கட்டில் வாங்கணும் என்று பேசினேன், ஒரு மணி நேரத்தில் கட்டில் விளம்பரம்.

ப: 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கை ஆன் செய்து குரலை அனுப்பும் ஆப் எதுவும் சிக்கவில்லை. திரையில் நீங்கள் செய்வதை வீடியோவாகப் பதிந்து வெளியே அனுப்பிய ஆப் சிக்கியது. உங்கள் மனைவி அதற்கு முந்தின நாள் கட்டில் தேடினாரா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே வைஃபையில் இருக்கிறீர்கள், அதை வைத்தே ஒரே வீடு என்று விளம்பரக் கம்பெனி கணக்குப் போடலாம்.

ஒரு வாசகர், ஈரோடு
கே: மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. பார்த்துவிட்டுப் போகட்டுமே?

ப: உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஃப்ளோ என்று பெண்கள் மாதவிடாய் தேதி குறித்து வைக்கும் ஓர் ஆப். கோடிக்கணக்கான பெண்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெண் தான் எத்தனையாவது வாரம் கர்ப்பம் என்று அதில் குறித்தால், "கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது" என்ற அர்த்தத்தில் பெயரிட்ட ஒரு குறிப்பு ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. தாய்க்கும் கணவருக்கும் சொல்வதற்கு முன்னால். விவரத்தைப் பத்திரமாக வைத்திருப்போம் என்று வாக்குக் கொடுத்த ஆப் அது.

2021-ல் எஃப்.டி.சி. அந்த ஆப் கம்பெனியோடு தீர்வு செய்தது, அபராதம் கிடையாது. ஆனால் பெண்கள் கலிஃபோர்னியாவில் போட்ட வழக்கு நின்றது. கூகுளும் ஆப் கம்பெனியும் சமரசம் பேசிக்கொண்டு விலகிவிட, மெட்டா மட்டும் ஜூரி முன்னால் நின்று 2025 ஆகஸ்டில் தோற்றது. அந்த மாநிலத்துச் சட்டத்தில் ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் வரை கேட்கலாம். எத்தனை பெண்கள், பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பெருக்கல்தான் அவர்களுக்குக் காய்ச்சல் வரவைப்பது. இல்லினாய் மாநிலத்திலும் முக அடையாளம் எடுப்பதற்கு இப்படித் தலைக்கு இவ்வளவு என்று சட்டம் இருக்கிறது. ஃபேஸ்புக் அங்கே 65 கோடி டாலர் கட்டிய அதே 2021-ல், போட்டோவில் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வசதியையே மூடி, 100 கோடிக்கும் மேற்பட்ட முகப் பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது.

க.ந., தஞ்சாவூர்
கே: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அபராதமே வீண் என்று ஆகிறதே. அப்போ வேண்டாம் என்கிறீர்களா?

ப: வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? வெறும் தொகை வேண்டாம் என்கிறேன். பிரான்ஸில் நடந்ததைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த வழக்கு.

2021 கடைசியில் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் போட்டது. குற்றம் மிக எளிமையானது: குக்கீக்குச் சம்மதம் சொல்ல ஒரு கிளிக் போதும், மறுக்க வேண்டுமென்றால் உள்ளே உள்ளே போய்ப் பல கிளிக் செய்ய வேண்டும். ஃபேஸ்புக்கில் கூத்து இன்னும் மேலே. மறுக்கப் போகிறவர் இரண்டாவது பெட்டிக்குள் போய், கீழே வரைக்கும் இறங்கி, கடைசியில் அழுத்த வேண்டிய பொத்தானில் எழுதியிருந்தது "குக்கீகளை ஏற்கிறேன்". மறுப்பதற்கான பொத்தானில்!

ஆணையம் தொகையோடு நிறுத்தவில்லை. மூன்று மாதத்துக்குள் மறுப்பதையும் ஏற்பதைப் போலவே சுலபமாக்கு, தவறினால் நாளுக்கு ஒரு லட்சம் யூரோ. 2022 ஏப்ரலில் கூகுள் தேடல் பக்கத்திலும் யூடியூபிலும் "எல்லாவற்றையும் மறுக்கிறேன்" என்ற பொத்தான், ஏற்கிறேன் என்பதன் பக்கத்திலேயே, அதே அளவில் வந்து உட்கார்ந்தது. பிரான்ஸில் ஆரம்பித்து ஐரோப்பா முழுவதற்கும். நாளுக்கு ஒரு லட்சம் யூரோ கூகுளுக்கு டீச் செலவு, அதற்குப் பயந்து செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. என்ன மாற வேண்டும் என்பது ஒரே வரியில் தெளிவாக இருந்தது, மாறியதா இல்லையா என்பதை யார் வேண்டுமானாலும் பிரவுசரைத் திறந்து இரண்டு வினாடியில் பார்க்கலாம், சாக்குச் சொல்ல இடமில்லை. இன்னொன்று, குக்கீ விஷயம் 2002-ஆம் வருஷத்துத் தனி விதியில் வருவதால் டப்ளின் வாசலில் கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. பாரிஸிலிருந்தே அடித்தார்கள்.

இதோடு திருந்திவிட்டார்களா என்றால், 2025 செப்டம்பரில் அதே ஆணையம் கூகுளுக்கு 32.5 கோடி யூரோ போட்டிருக்கிறது, ஜிமெயிலில் கடிதங்களுக்கு நடுவே சம்மதமில்லாமல் விளம்பரம் சொருகியதற்கும், கணக்குத் தொடங்கும்போது குக்கீ வைத்த விதத்துக்கும். ஆனால் அந்த மறுப்புப் பொத்தான் இன்றும் இருக்கிறது.

இன்னொரு வகையும் இருக்கிறது. எவரால்பம் என்று ஒரு போட்டோ ஆப், பயனாளிகளின் படங்களை வைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் முகம் அறியும் மென்பொருள் தயாரித்தது. 2021-ல் எஃப்.டி.சி. அபராதம் எதுவும் போடாமல், படங்களை மட்டும் அழித்தால் போதாது, அதை வைத்துக் கட்டிய மென்பொருளையும் சேர்த்து அழி என்றது. திருடிய அரிசியில் பொங்கிய சோற்றையும் கொட்டு என்பது மாதிரி. இதைக் கூகுள், மெட்டா மாதிரி கம்பெனி ஒன்றிடம் செய்து காட்டினால் நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.

எஸ்.எம்., மதுரை
கே: முதலாளியைப் பிடித்து உள்ளே போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

ப: இந்த மாதிரி பெரிய கம்பெனி முதலாளி யாரும் இதற்காக உள்ளே போனதாக எனக்குத் தெரியவில்லை. ஊபர் கம்பெனியில் 5.7 கோடிப் பேர் விவரம் 2016-ல் திருட்டுப் போனதை மறைத்ததற்காக அதன் பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் மேல் 2022-ல் குற்றம் நிரூபணமானது. தண்டனை மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை இல்லை. ஃபேஸ்புக் நிறுவனர் ஜக்கர்பெர்க்கும் மற்ற இயக்குநர்களும், தனியுரிமை விவகாரத்தில் கம்பெனி கட்டிய அபராதத்துக்கும் செலவுக்குமாக 800 கோடி டாலரைச் சொந்தப் பையிலிருந்து கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பங்குதாரர்களே ஒரு வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் விசாரணை தொடங்கிய இரண்டாவது நாளே சமரசம். அந்தக் கூண்டில் அவர் ஏறிச் சாட்சி சொல்வதைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

வழக்கறிஞர் ஒருவர், திருநெல்வேலி
கே: நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்களே?

ப: வந்துவிட்டேன் ஐயா. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னது உங்களுக்கே தெரியும். அதற்கு ஆறு வருஷம் கழித்து, 2023-ல், டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆனது, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதற்கு மேல் 18 மாதம் அவகாசம்.

உச்ச அபராதம் 250 கோடி ரூபாய் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது தகவலைப் பத்திரமாக வைக்காமல் கோட்டை விட்டதற்கு. சம்மதமில்லாமல் பின்தொடர்வது போன்ற மற்ற மீறல்கள் அட்டவணையின் கடைசி வரிசையில் வருகின்றன, அங்கே உச்சம் 50 கோடி. ஐரோப்பா மாதிரி வருமானத்தில் சதவீதம் கிடையாது. மெட்டாவின் 2024 வருமானத்தை வைத்துப் பார்த்தால் 50 கோடி ரூபாய் அவர்களுக்குச் சுமார் 20 நிமிஷ வசூல். உள்ளூரில் பத்துப் பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கோ அது மரண அடி. உருப்படியான ஒன்றும் இருக்கிறது: 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது, அதற்கு 200 கோடி வரை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தகவல் கசிந்து பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. புதுச் சட்டம் அதை எடுத்துவிடுகிறது. பதிலுக்கு, பொய்ப் புகார் கொடுக்கும் பயனாளிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்று நம் பக்கமும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பின் 2021 கொள்கை மாற்றத்துக்காக இந்தியாவின் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் போட்டது. கூடவே, வாட்ஸ்அப் தகவலை விளம்பரத்துக்காக மற்ற மெட்டா கம்பெனிகளோடு ஐந்து வருஷம் பகிரக் கூடாது என்றும் உத்தரவு. உண்மையில் வலித்திருக்கக்கூடியது இந்த இரண்டாவது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் 213 கோடியை அப்படியே வைத்துவிட்டு, ஐந்து வருஷத் தடையை எடுத்துவிட்டது. பயனாளிக்கு மறுக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்ற பகுதி தப்பியது, அது பெரிய ஆறுதல். ஆனாலும் தடையை வைத்துக்கொண்டு காசை விட்டுக்கொடுத்திருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி
கே: சட்டம், கோர்ட்டு எல்லாம் இருக்கட்டும் தம்பி. நான் இன்றைக்கு என் போனில் என்ன செய்யணும், அதைச் சொல்.

ப: சரி டீச்சர். ஆண்ட்ராய்டு போன்தானே? செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் ஆட்ஸ். அங்கே விளம்பர அடையாள எண்ணை அழிப்பதற்கு ஒரு வழி இருக்கும், அழித்துவிடுங்கள், ஒன்றும் கெடாது. அப்புறம் லொகேஷன் அனுமதி எந்தெந்த ஆப்பிடம் இருக்கிறது என்று பாருங்கள், மேப்புக்கும் ஆட்டோ, கார் கூப்பிடும் ஆப்புக்கும் தவிர மற்றதெல்லாம் எடுத்துவிடலாம், அந்த இரண்டுக்கும்கூட "பயன்படுத்தும்போது மட்டும்" போதும். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் ஆப்பாக வைத்துக்கொள்ளாமல் பிரவுசரில் பாருங்கள், மேலே திருச்சி மாணவருக்குச் சொன்ன கதை மறுபடி வந்தால் அதுதான் மருந்து. பேரனிடம் சொல்லி ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் அதில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினும் போடச் சொல்லுங்கள், பாதித் தொல்லை விட்டது.

போனில் தனியாக ஒரு டார்ச் லைட் ஆப் இருந்தால் அதை முதலில் தூக்குங்கள். 2013-ல் எஃப்.டி.சி. பிடித்த ஒரு டார்ச் ஆப், கோடிக்கணக்கானவர்கள் இறக்கியது, ஏற்கிறேன் மறுக்கிறேன் என்ற பெட்டியைக் காட்டி நாம் எதையும் அழுத்துவதற்கு முன்பே இருக்கும் இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டிருந்தது. அதற்கும் அபராதம் கிடையாது. டார்ச் இப்போது போனிலேயே இருக்கிறது, மேலேயிருந்து விரலால் இழுத்தால் வரும்.